உள்ளிருந்து திறக்கும்படி

பள்ளிப் பேருந்து ஓட்டும் மேவிஸ் பெர்கோ
என் மேசையில் விரித்தது
கோடு போட்ட ஒரு தாள்.
மடித்து மடித்துப் பிரித்ததில்
மடிப்பிலேயே கிழியத் தொடங்கியிருந்தது.
மூஸ் லேக் சிறையிலிருந்து அவள் தம்பி
பென்சிலில் வரைந்து அனுப்பியது.

கராஜை அறையாக்க வேண்டும்,
மார்ச்சில் வெளியே வருகிறான்,
நகராட்சிக்கு வரைபடம் வேண்டுமாம்,
எவ்வளவு ஆகும், தவணையில் தரலாமா.
ஒரே மூச்சில் கேட்டுவிட்டு
கையுறையைக் கழற்றினாள்.

டுலூத், மண்ணுக்குள் ஐந்தடிக்குப் பனி இறங்கும் ஊர்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது
இங்கே கடைக்காலுக்குச் சொன்னது.
அவள் கராஜோ வெறும் தளத்தின் மேல்
அறுபது வருஷமாய் உட்கார்ந்திருக்கிறது.
ஒவ்வொரு ஏப்ரலிலும் கொஞ்சம் எழுந்து
கொஞ்சம் உட்காரும், மூட்டுவலிக்காரரைப் போல.
சொன்னேன்.
"தெரியும். கதவு மே வரைக்கும் சாத்தாது."

அளக்கப் போனேன்.
நாடாவின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள்.
பக்கத்து வேலிக்கு மூன்றடி இரண்டங்குலம்.
மூன்றடி போதும் என்றேன்.
மிஞ்சிய இரண்டங்குலத்துக்கு
அவள் சிரித்த சிரிப்பு பெரிது.

டுவேனின் தாளில்
கட்டில் இருந்தது, மேசை இருந்தது,
காபிக் குவளைக்குக்கூட ஒரு வட்டம்.
அறை ஏழடிக்குப் பத்தடி.
கராஜ் பதினாலுக்கு இருபத்திரண்டு என்று
அவருக்குச் சொல்லவில்லையா?
"சொன்னேன்," என்றாள்.

கதவு ஒரு சின்னக் கோடு.
நாங்கள் கதவு வரைந்தால்
திறக்கும் திசைக்கு ஒரு கால்வட்டம் போடுவோம்.
அவன் போடவில்லை.
தொழில் தெரியாத யாரும் போடுவதில்லைதான்.
எந்தப் பக்கம் திறக்கட்டும் என்று
எழுதிக் கேட்கச் சொன்னேன்.

பிறகு ஜன்னல்.
தூங்கும் அறையென்றால்
தீப்பிடித்தால் ஆள் நுழைந்து வெளியேறும் அளவுக்கு
ஒன்று வேண்டும், விதி.
ஆயிரம் தடவை படித்துச் சலித்த குரலில் படித்தேன்:
சாவியோ கருவியோ தனிப் பயிற்சியோ இன்றி
உள்ளிருந்து திறக்கும்படி இருத்தல் வேண்டும்.

"இன்னொரு தரம்."

படித்தேன்.
பேருந்து அட்டவணையின் பின்புறத்தில்
எழுதிக்கொண்டாள்.
"சட்டமா இது?" என்றாள்.
சட்டம்தான்.
"எழுதியே வைத்திருக்கிறார்களா?"

நகராட்சியின் ஹாக்லண்ட்
சிவப்பு மையோடு திருப்பி அனுப்பினார்.
ஜன்னலடி தரையிலிருந்து நாற்பத்தாறு அங்குலம்,
நாற்பத்து நாலைத் தாண்டக் கூடாது.
தப்பு என்னுடையது,
வேறொருவர் வீட்டுப் படத்திலிருந்து
எடுத்து ஒட்டிய ஜன்னல் அது.
இரண்டாம் தரம்:
வடக்கு அம்புக்குறி ஏரியைப் பார்க்கிறது,
ஊர்க்காரருக்கே திசை தெரியாதா?
ஓரத்தில் எழுதியிருந்தார்.
அன்றைக்குத் தவணைப் பணத்தோடு
செய்தித்தாளில் சுற்றிய புகையிட்ட மீன் வந்தது.
அவளிடம் அம்புக்குறி பற்றிச் சொல்லவில்லை.

டுவேனின் பதில் வர மூன்று வாரம்.
எந்தப் பக்கமும் சரி.
கட்டிலிலிருந்து கைப்பிடி தெரிந்தால் போதும்.

அனுமதிப் படத்தில் கட்டில் வரையத் தேவையில்லை.
சுவர், கம்பி, கடைக்கால்,
கூரை தாங்கும் பனியின் எடை,
இவைதான் அவர்களுக்கு வேண்டும்.
வரைந்தேன்.
கால்மாடு கதவைப் பார்க்க,
கால் அங்குலம் ஓர் அடிக்கணக்கில்.
ஹாக்லண்ட் அதைப் பற்றி
எதுவும் எழுதவில்லை.

முத்திரை விழுந்தது பிப்ரவரி கடைசியில்.
நூற்றெண்பது நாளில் வேலை தொடங்காவிட்டால்
காலாவதி.
மண் இன்னும் கல்லாய்க் கிடக்கிறது,
மே மாதத்துக்கு முன் கடப்பாரை இறங்காது.
அதுவரை அவர் எங்கே தூங்குவார்?

"ஹாலில் சோபா இருக்கிறது," என்றாள்
படச்சுருளுக்கு ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டே.
முந்நூறு டாலர் பாக்கியை நினைவூட்டிவிட்டு
வாசலில் நின்றாள்.
"நேற்றே திருப்பிப் போட்டுவிட்டேன்."